எந்த ஆட்டம் உலகை ஆட்டியது?

'செல்வாக்கு' என்பது பொல்லாத சொல். அமைச்சருக்கும் அது உண்டு. ஆலமரத்தடிச் சாமியாருக்கும் அது உண்டு. நம் விடுதிச் சமையற்காரருக்கோ அது நிரம்பவே உண்டு. ஆனால் அதை எடுத்துத் தராசில் வை என்றால் கைக்கு அகப்படாமல் நழுவிவிடும். அப்படிப்பட்ட சொல்லை நம்பி நம் தமிழ் மன்றம் ஒரு வழக்கு மன்றத்தையே நடத்தி முடித்தது. அதற்கு நடுவராக என்னை உட்கார்த்தியும் வைத்தது.

நம் மன்றத்தில் வழக்கமாக எழும் வழக்குகளை யாவரும் அறிவர். கண்ணகியா மாதவியா, கும்பகருணனா வீடணனா என்று ஆண்டாண்டாக வாதிட்டு, இரு கட்சியின் வாதங்களும் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடமாகிவிட்டன. இம்முறை செயலாளர் புதுமை செய்ய எண்ணி, "உலகில் மிகுந்த செல்வாக்குப் பெற்ற விடியோ விளையாட்டு எது?" என்று அறிவிப்புப் பலகையில் எழுதிவிட்டார். மன்றத்தின் புரவலரான பேராசிரியர் அதைப் படித்துவிட்டு, "விளையாட்டு வினையாகும் என்று கேட்டிருக்கிறேன்; நீங்கள் வினையைத் தேடிப் போய் விளையாட்டில் பிடிக்கிறீர்கள்!" என்றார். ஆனாலும் அன்று மாலை முதல் வரிசையில் முதல் ஆளாக அவரே அமர்ந்திருந்தார்.

வழக்குத் தொடங்குமுன் நான் இரண்டு நிபந்தனைகள் விதித்தேன். எத்தனை கோடி விற்றது என்ற கணக்கு இங்கே எடுபடாது. அதற்கு நடுவர் வேண்டாம், கணக்குப்பிள்ளை போதும். எனக்கு மிகவும் பிடிக்கும் என்ற வாதமும் எடுபடாது. இந்த ஆட்டம் பிறவாதிருந்தால் உலகில் எது குறைந்திருக்கும்? இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லுங்கள் என்றேன்.

முதலில் எழுந்தவர் இயற்பியல் ஆய்வு மாணவர், திருநெல்வேலிக்காரர். "வேரை மறந்துவிட்டுக் கிளைக்கு மாலை போட வந்திருக்கிறீர்கள்" என்று தொடங்கினார். 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பிடிபி-1 என்னும் கணிப்பொறியின் வட்டத் திரையில், ஸ்டீவ் ரஸ்ஸல் என்ற இளைஞரும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் ஆட்டத்தை உண்டாக்கினார்கள். இரண்டு விண்கலங்கள், நடுவே ஒரு விண்மீன். அதன் ஈர்ப்பில் விழுந்து மடியாமல் சுழன்று சுழன்று ஒன்றையொன்று சுட வேண்டும். பின்னணியில் புள்ளிகள் ஏனோதானோவென்று தெளித்திருந்தது பீட்டர் சாம்சன் என்ற நண்பருக்குப் பொறுக்கவில்லை. மெய்யான வானத்தின் விண்மீன் வரைபடத்தையே அவர் எழுதிச் சேர்த்துவிட்டார். "விளையாட்டிலும் வானத்தைப் பொய்யாகக் காட்ட மனம் வராதவர்கள் ஐயா அவர்கள்!" என்று நம் நண்பர் உணர்ச்சியோடு கூறியபோது, முன் வரிசைப் பேராசிரியர் தலையை அசைத்ததை நான் பார்த்தேன்.

அந்தக் கணிப்பொறியோ உலகம் முழுவதிலும் ஐம்பத்துச் சொச்சமே இருந்தது. அரண்மனைக் கிணற்று நீர் ஊரார் தாகத்தைத் தீர்க்குமா என்று கேட்டேன். அதற்கும் அவரிடம் விடை இருந்தது. அந்த ஆட்டத்தைக் கண்டு மயங்கியவர்களில் ஒருவர் நோலன் புஷ்னல். அவரும் நண்பர் டெட் டாப்னியும் காசு போட்டு ஆடும் பொறியாக அதை மாற்றி 1971-இல் வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே அவர்களுடைய அட்டாரி நிறுவனம் 'பாங்' என்னும் பந்தாட்டத்தைக் கொண்டுவந்தது. கலிபோர்னியாவில் ஒரு மதுக்கடையில் வைத்த முதற்பொறி சில நாளில் நின்றுபோயிற்றாம். திறந்து பார்த்தால் காசுப் பெட்டி நிரம்பி வழிந்திருந்ததாம்! இப்படி ஒரு நோய் எல்லா இயந்திரத்துக்கும் வரக் கூடாதா?

அடுத்து வந்தவர் வணிகவியல் மாணவி. இந்நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவருடைய தமிழில் இடையிடையே இந்தி எட்டிப் பார்க்கும். ஆனால் அன்றைக்குச் சுத்தத் தமிழில் பேசுவதாகச் சபதம் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். அவர் 'சூப்பர் மாரியோ'வின் கட்சி. 1983-இல் அமெரிக்காவில் வீட்டு விளையாட்டுப் பொறிகளின் வாணிபம் அடியோடு சரிந்தது. குப்பை ஆட்டங்கள் மலிந்து, கடைக்காரர்கள் அந்தச் சரக்கையே வெறுத்தார்கள். அந்நிலையில் 1985-இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனம் மாரியோவைக் கொண்டுவந்து சரிந்த சுவரை நிமிர்த்தியது என்பது அவர் வாதம். வாணிபக் கதை எனக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதை நான் குறித்துக்கொண்டேன். அந்த ஆட்டத்தின் முதற் கட்டத்தில் ஒரு சொல்கூட அறிவுரை இல்லை. வலப்பக்கம் வெளியாக இருப்பதால் நாமே வலப்பக்கம் போகிறோம். எதிரே ஒரு பூதம் நடந்து வருகிறது, தாண்டாவிட்டால் சாவு. தாண்டும்போது தலை மேலே ஒரு கட்டியில் இடிக்கிறது, காசு விழுகிறது. அரை நிமிடத்தில் ஆட்டத்தின் விதிகள் பெரும்பாலும் கைக்கு வந்துவிடுகின்றன. "ஆசிரியர் வாய் திறவாமல் நடத்திய பாடம்" என்றார் அவர். நம் வகுப்பறைகளை எண்ணிப் பலரும் பெருமூச்செறிந்தனர்.

போகிற போக்கில் அவர் 1978-இல் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' பற்றி ஒரு செய்தி சொன்னார். தொமொஹிரோ நிஷிகாடோ என்ற ஜப்பானியர் அமைத்த அவ்வாட்டத்தில், பகைவர் கூட்டம் குறையக் குறைய எஞ்சியவர்கள் விரைந்து பாய்வார்கள். அது வேண்டுமென்று செய்ததன்று. கூட்டம் பெரிதாயிருந்தபோது வரைந்து முடிக்க இயந்திரம் திணறியது. ஆள் குறைந்ததும் பாரம் குறைந்து வேகம் பிடித்தது. அந்தப் பதைபதைப்பு நன்றாயிருக்கவே நிஷிகாடோ அப்படியே விட்டுவிட்டார். ஆட்டம் முற்ற முற்ற வேகமும் அச்சமும் கூடும் வழக்கம் இப்படித்தான் பரவியது. இயந்திரத்தின் இயலாமையே கலையாகிவிட்டது, பாருங்கள்!

கணிதத் துறை மாணவர் 'டெட்ரிஸ்' ஆட்டத்துக்காக வாதாடினார். 1984-இல் மாஸ்கோவில் அறிவியற் கழகத்தைச் சேர்ந்த கணிப்பொறி நிலையம் ஒன்றில் பணியாற்றிய அலெக்ஸி பஜித்னவ் என்பவர் இதை உண்டாக்கினார். நான்கு சதுரங்களை ஒட்டினால் ஏழு வடிவங்கள் கிடைக்கும். அவை மேலிருந்து விழும். இடைவெளியின்றி அடுக்க வேண்டும். அவர் வேலை செய்த பொறியில் படம் வரைய வழியே இல்லை. அடைப்புக்குறிகளை இணைத்தே சதுரம் காட்டினார். வாள் இல்லை, துப்பாக்கி இல்லை, கதை இல்லை, மொழியும் இல்லை. 1989-இல் நின்டென்டோவின் கையடக்கப் பொறியோடு சேர்ந்து உலகெங்கும் சென்றது. சோவியத் சட்டத்தின் கீழ் உரிமை அரசாங்கத்தினுடையது. 1996 வரை ஆக்கியவர் கைக்கு உரிமைத் தொகை வரவில்லை.

அவருடைய வலுவான சான்று வேறு. 2000-ஆம் ஆண்டில் ஹார்வர்டைச் சேர்ந்த ராபர்ட் ஸ்டிக்கோல்டும் உடனாளர்களும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சில நாள் டெட்ரிஸ் ஆடியவர்கள் கண் அயரும் வேளையில் விழும் கட்டிகளைக் கண்டார்கள். இதில் வியப்பு இல்லை. ஆனால் மூளைக் கோளாற்றால் நினைவு நிற்காத சிலரும் அவர்களுள் இருந்தனர். தாங்கள் அப்படியோர் ஆட்டம் ஆடியதே அவர்களுக்கு நினைவில்லை. ஆயினும் உறக்கத்தின் வாசலில் அவர்களுக்கும் கட்டிகள் விழுந்தன! "நினைவே இல்லாதவனுக்குள்ளும் போய் உட்கார்ந்திருக்கிறதே, இதைவிடச் செல்வாக்கு ஏது?" என்றார். அவையில் சிறிது நேரம் ஓசையே இல்லை. நான் என் தாளில் அப்போதைக்கு டெட்ரிஸ் பெயரை முதலில் எழுதிவிட்டேன்.

பின் வரிசையிலிருந்து "பப்ஜி!" என்று ஒரு கூக்குரல் எழுந்தது. அரசாங்கமே ஆணை பிறப்பித்துத் தடுக்கும் அளவுக்கு வேறு எந்த ஆட்டம் வளர்ந்தது என்று அக்கட்சியார் கேட்டார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் 2020 செப்டம்பர் ஆணையில் அதனோடு சேர்ந்து தடைபட்ட செயலிகள் நூற்றுக்கு மேல். சொல்லப்பட்ட காரணமும் செய்திகள் அயல்நாட்டுக்குச் செல்கின்றன என்ற பாதுகாப்பு அச்சம்தான். ஆட்டத்தின் ஆற்றல் அன்று. அடுத்த ஆண்டே வேறு பெயரில் அது திரும்பியும் வந்துவிட்டது. அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தேன். கூக்குரலிட்டவர்கள் அன்றிரவு எனக்கு எதிராக மேல்முறையீடு செய்யப்போவதாக மிரட்டினார்கள். எந்த மன்றத்தில் என்று மட்டும் சொல்லவில்லை.

நான்காவதாக எழுந்த கணிப்பொறித் துறை நண்பர் கோவைக்காரர், அதிகம் பேசாதவர். அவர் எடுத்துக்கொண்டது 'டூம்'. இருண்ட கூடங்களில் துப்பாக்கியோடு அலைந்து பிசாசுகளைச் சுட்டுத் தள்ளும் ஆட்டம். அதன் பெயரைக் கேட்டதுமே பேராசிரியர் முகம் சுளித்தார்.

1993 டிசம்பர் 10-ஆம் நாள் ஐடி சாப்ட்வேர் என்னும் சிறு குழு இதை வெளியிட்டது. கடையில் வைக்கவில்லை; அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கணிப்பொறியொன்றில் முதற் பகுதியை இலவசமாக ஏற்றினார்கள். எடுக்க முண்டியடித்த கூட்டத்தில் அந்தக் கணிப்பொறி மூச்சுத் திணறிப் போயிற்று. அன்றைய எளிய பொறிகளில் அவ்வளவு வேகமாகக் கூடங்களைக் காட்டியது எப்படி? ஜான் கார்மக் என்பவர் பழைய ஆராய்ச்சிக் கட்டுரைகளிலிருந்து ஒரு முறையை எடுத்தாண்டார். ஆடுபவனுக்கு எது முன், எது பின் என்று உடனுக்குடன் சொல்லும்படி இடம் முழுவதையும் முன்கூட்டியே பாதி பாதியாகப் பிளந்து வைப்பது. அருகிலுள்ள சுவரை முதலில் வரைந்துவிட்டால், அதன் பின்னால் மறைந்ததை வரையவே வேண்டாம்.

"ஆனால் நான் சொல்ல வந்தது இதுவன்று" என்று நண்பர் நிறுத்தினார். "ஆட்டத்தை ஓட்டும் பொறியமைப்பு ஒரு பக்கம், படம், ஒலி, வரைபடம் எல்லாம் வேறொரு கோப்பில் மறு பக்கம். இப்படிப் பிரித்தே கொடுத்தார்கள். அதனால் எவனும் தன் வீட்டுக் கூடத்தையே வரைந்து உள்ளே வைக்கலாம். தன் பள்ளிக்கூடத்தை வைக்கலாம். 1997-இல் அதன் மூல நிரலையும் வெளியிட்டுவிட்டார்கள். நான் முதல் ஆண்டில் அதைத்தான் வரி வரியாகப் படித்தேன். எனக்குக் கணிப்பொறி சொல்லிக் கொடுத்தது எந்த வகுப்பும் அன்று." இதைச் சொன்னபோது அவர் குரல் சற்றுத் தடித்தது. அவருடைய வீட்டார் அவரை வங்கித் தேர்வு எழுதச் சொல்லிக் கொண்டிருப்பதும், அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் செய்வது என்ன என்று அவர்களுக்கு விளங்காததும் எங்களில் சிலருக்குத் தெரியும்.

பிறகு வாரிசுப் பட்டியலை விரித்தார். டூமுக்குப் பின் அதே குழுவின் 'குவேக்', 1996-இல். அதன் பொறியமைப்பை வாங்கித் திருத்தி 1998-இல் வேறொரு நிறுவனம் 'ஹாப்-லைப்' செய்தது. அதைத் திருத்தி 1999-இல் இரண்டு இளைஞர்கள் ஓய்வு நேரத்தில் உண்டாக்கியதே 'கவுன்டர்-ஸ்ட்ரைக்'. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்கில் பையன்கள் கூச்சலிட்டு ஆடினார்களே, அதே ஆட்டம்!

பேராசிரியர் எழுந்துவிட்டார். "தம்பி, சுடுவதைக் கற்றுக்கொடுத்தது சரி, விளையாடாதவனுக்கு இதனால் என்ன?" என்றார். 1999-இல் கொலராடோப் பள்ளிக்கூடத்தில் துப்பாக்கிச் சூடு நடத்திய இரு மாணவர்கள் டூம் ஆடியவர்கள் என்பதையும் எடுத்துக் காட்டினார். நண்பர் மழுப்பவில்லை. அந்தக் கொடுமைக்குப் பின் ஆட்ட நிறுவனங்கள் மீது வழக்குப் போட்டார்கள், அது தள்ளுபடியாயிற்று. ஆட்டங்களும் நூல்களைப்போல் கருத்துரிமைப் பாதுகாப்புக்கு உரியவை என்று 2011-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே கூறியது என்றார். "ஆனாலும் ஐயா கேட்டது சட்டத்தை அன்று, நான் ஒப்புக்கொள்கிறேன், அந்த ஆட்டத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கு நான் கொடுக்க மாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

விளையாடாதவர்களுக்கு என்ன என்ற கேள்விக்கு அவர் தந்த விடைதான் அன்றைய அவையை நிமிர்ந்து உட்கார வைத்தது. குவேக் போன்ற ஆட்டங்கள் விரைந்து ஓட வேண்டுமென்று இளைஞர்கள் தனி வரைகலை அட்டைகளை வாங்கிக் குவித்தார்கள். ஆயிரமாயிரம் முக்கோணங்களை ஒரே நேரத்தில் கணக்கிடுவது அவற்றின் வேலை. அந்தப் போட்டியில் என்விடியா போன்ற நிறுவனங்கள் வளர்ந்தன. 2007-இல் அந்தச் சில்லுகளை வேறு கணக்குகளுக்கும் பயன்படுத்த வழி திறந்துவிட்டார்கள். 2012-இல் டொரான்டோ பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ஹின்டனும் அவருடைய மாணவர்கள் இருவரும் படங்களை இனங்காணும் போட்டியில் எல்லோரையும் வென்ற செயற்கை நரம்பு வலையைப் பழக்கியது எதைக் கொண்டு? விளையாட்டுப் பையன்கள் வாங்கும் அட்டைகள் இரண்டைக் கொண்டு! இன்று செயற்கை நுண்ணறிவு என்று உலகம் பேசுவதெல்லாம் அந்தத் தடத்தில் வந்தது. டூம் மட்டுமே இதற்குக் காரணம் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பசியைத் தொடங்கி வைத்தவர்களுள் முன்னவர் யார் என்றுதான் கேட்டார். பேராசிரியர் மெல்ல உட்கார்ந்தார்.

வழக்கு முடிந்தது என்று எண்ணி நான் எழப்போனேன். அப்போது ஓரத்தில் இருந்த முதலாண்டு மாணவி ஒருவர், "அண்ணா, பட்டியலில் பேர் கொடுக்கவில்லை, இரண்டு நிமிடம் பேசலாமா?" என்றார். "பேசம்மா" என்றேன்.

அவர் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்க்காரர். "நீங்கள் சொன்ன ஆட்டம் எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை" என்று தொடங்கினார். "எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஆட்டம், பாம்பு."

'ஸ்னேக்' என்ற அந்த ஆட்டம் பின்லாந்தில் தனேலி அர்மான்டோ என்பவர் அமைத்து, 1997-இல் நோக்கியா 6110 கைப்பேசியோடு வந்தது. இதன் மூதாதை 1976-இலேயே வந்த 'பிளாக்கேட்' என்னும் காசுப்பொறி ஆட்டம். பிறகு 2003-இல் டார்ச் விளக்கோடு வந்த நோக்கியா 1100 கைப்பேசியில் இரண்டாம் பாம்பு குடியிருந்தது. இருபத்தைந்து கோடிக்கு மேல் விற்ற கைப்பேசி அது. இந்தச் செய்திகளைக் கணிப்பொறி நண்பர்தான் இடையில் எடுத்துக் கொடுத்தார். தன் எதிர்க்கட்சிக்கே சான்று தேடித் தந்த வழக்கறிஞரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அந்தப் பெண் சொன்னது இவ்வளவுதான்: "எங்கள் ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது; எண்ணும் தெரியாது. மாமா போன் வாங்கிக் கொடுத்தும் தொடப் பயந்தார்கள். ஏதாவது அழுத்தினால் வெடித்துவிடும் என்று நினைப்பு. நான் சின்னப் பிள்ளையாக அவர்கள் மடியில் உட்கார்ந்து பாம்பு விளையாடுவேன். 2 மேலே, 8 கீழே, 4 இந்தப் பக்கம், 6 அந்தப் பக்கம். பார்த்துப் பார்த்து அவர்களும் ஆட ஆரம்பித்தார்கள். மாடு மேய்க்கப் போகும்போதும் கையில் போன். பிறகு ஒரு நாள், 'இதுதானே நாலு? இதுதானே ஆறு?' என்று கேட்டார்கள். அதற்கப்புறம் மாமாவின் நம்பரைத் தாமே போட்டார்கள். எங்கள் ஆயா அறுபத்து மூன்று வயதில் எண் படித்தது பாம்பிடம்தான். அந்த ஆட்டம் பிறவாதிருந்தால் எது குறைந்திருக்கும் என்று கேட்டீர்களே அண்ணா, எங்கள் வீட்டில் இது குறைந்திருக்கும்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் கேள்வியையே எடுத்து என் முன் வைத்துவிட்டார் அல்லவா!

ஆயினும் நடுவர் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். நான் டூமுக்கே கொடுத்தேன். ஆயாவின் கதை என் நெஞ்சை விட்டு அகலவில்லை, இருந்தும் கொடுத்தேன். பாம்பு ஒரு கோடி வீட்டுக்குள் புகுந்திருக்கும். ஆனால் ஆடுபவன் அதைத் திறந்து பார்த்து வேறொன்று செய்ய வழியில்லை. டெட்ரிஸும் அப்படியே, அது கனவில் வரும், கையில் வராது. மாரியோ ஆடக் கற்றுக்கொடுத்தது. ஸ்பேஸ்வார் திறந்த கையோடு நின்றது. பெறுவதற்குத்தான் ஆட்கள் இல்லை. டூம் ஒன்றே ஆட வந்த கூட்டத்தைப் பார்த்து, "இந்தா, நீயும் ஒன்று செய்" என்று உளியையும் சேர்த்துக் கொடுத்தது. பிசாசுகளும் இரத்தமும் எனக்கு உவப்பில்லை. உளி மட்டும் உவக்கும்.

தீர்ப்பை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதினால் அது பொய். பேராசிரியர் பாம்புக்கே கொடுத்திருக்க வேண்டும் என்று இன்றும் சொல்கிறார். வணிகவியல் மாணவி என்னோடு மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் பேசியதும் இந்தியில்தான்.

ஒரு செய்தி மட்டும் பாக்கி. அவை கலைந்தபோது முதலாண்டுப் பெண் கணிப்பொறி நண்பரிடம் போய், "அந்த மூல நிரல் என்கிறீர்களே, அதை நானும் பார்க்கலாமா அண்ணா?" என்று கேட்டார். இப்போது மாலை வேளைகளில் நூலகத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் இருவரோடு இன்னும் மூவர் கூடி, கைப்பேசியில் பல்லாங்குழி செய்துகொண்டிருக்கிறார்கள். குழிக்குள் முத்து விழும் ஓசை மெய்யான புளியங்கொட்டையை மரப்பலகையில் போட்டு எடுத்தது. ஆயாவுக்காக எழுத்தே இல்லாமல் படத்தாலேயே எல்லாம் அமைய வேண்டும் என்பது அந்தப் பெண்ணின் கட்டளை. வேலை பாதியில் நிற்கிறது. குழிக்கு ஐந்து முத்து என்கிறார் காஞ்சிபுரத்து ஆயா. ஆறு என்கிறார் கோவை நண்பரின் தாயார். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் 'பசு' என்று எடுத்துக்கொள்வதில் மட்டும் இரு தரப்புக்கும் உடன்பாடு. நேற்று இரவு இரு வீடுகளையும் தொலைபேசியில் இணைத்துவிட்டார்கள். ஒன்பது மணிக்குத் தொடங்கிய பேச்சு நான் படுக்கப் போகும்வரை ஓயவில்லை.